சட்டைப் பையில் வந்த மக்கத்துச் சல்லி

மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ பெட்டி வாங்கப் போய் ஒரு மணி நேரமாகிறது. பூட்டுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கு என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். நீயும் "ஓம் வாப்பா, ஓம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாய். லுஹர் தொழுகை முடிந்து கல்முனைக் கடைத்தெரு மந்தமாகக் கிடக்கிறது. தையல் மெஷின் பலகையில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நேரில் நின்றால் நமக்குள் வருகிற கதை "சாப்பிட்டயா?" "ஓம்" என்பதோடு தீர்ந்துபோகிறது. வாப்பாமாரும் ஆம்பிளைப் பிள்ளைகளும் இந்த ஊரில் எப்போதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பு பஸ் ஏறிவிடுவாய். அங்கிருந்து துபாய். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று எனக்குள் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கிடக்கிறது.

நான் பயந்தவன் என்பது உனக்குத் தெரியும். மழை இருட்டினால் கூரையைப் பார்ப்பேன், பஸ் அரை மணி பிந்தினால் சந்திக்குப் போய் நிற்பேன், நீ இருமினால் உன் உம்மாவை எழுப்புவேன். இதற்காக நீங்கள் எல்லோரும் என்னைப் பகிடி பண்ணுவதும் தெரியும். ஆனால் நீ போகிற விமானத்தை நினைத்தோ, அங்கத்தைய வெயிலை நினைத்தோ, நீ ஏறப்போகிற மாடிக் கட்டடங்களை நினைத்தோ நான் இப்போது பயப்படவில்லை. எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். உனக்கு அங்கே ஏதும் நடந்தால் நீ எங்களுக்குச் சொல்லாமல் இருந்துவிடுவாய். போன வருடம் காரைதீவுச் சந்தியில் ஆமிக்காரர் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் காலையிலிருந்து பின்னேரம் அசர் வரை வெயிலில் குந்தவைத்திருந்தார்கள். நீ வீட்டுக்கு வந்து "பஸ் பழுதாப் போச்சு" என்றாய். நான்கு நாள் கழித்து, களிசான் தைக்க வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, ஏனென்றால் அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் ராத்தா மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன வருடம் நீ நாலாம் வகுப்பில் இருந்தாய். அவளை ஏன் அனுப்பினோம் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? நம்முடைய பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. வளவு இருந்தது, சுவர் இருந்தது, சுவருக்கு மேலே வானம்தான் இருந்தது. இந்த ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடமாக ஒரு கூரை போட முடியாமல் தவித்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள். "வாப்பா, ரெண்டே ரெண்டு வருசம். போயிட்டு வந்து நானே கூரை போடுறன்." உன் உம்மா ஒரு கிழமை அழுதாள். நான் ஒரு கிழமை யோசித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நான் யோசிக்கவில்லை. சரி என்று சொல்வதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

ஊர் என்ன சொல்லும் என்பது உனக்கு இப்போது விளங்காது. இன்றைக்கு வீட்டுக்கு ஒருத்தி போகிறாள். அன்றைக்கு, கலியாணம் முடிக்காத குமர்ப்பிள்ளையைத் தனியாக அனுப்பிய தகப்பன் என்றால், பள்ளியில் தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்கிறவன்கூட ஒரு மாதிரித்தான் பார்ப்பான். பொத்தான் தைக்க வருகிற சாக்கில் விசாரிக்க வந்தவர்கள் எத்தனை பேர்! "மகள்ர பாடு எப்பிடி?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் ஐந்து மாதம் எனக்கு ஒரு கவலையும் இல்லை. மாதம் தவறாமல் கடிதம் வந்தது. வீட்டுக்காரம்மா நல்லவ, சின்னப் பிள்ளைகள் இரண்டு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வெள்ளிக்கிழமை கோழிச்சோறு. அந்தக் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். விசாரிக்க வந்தவர்களுக்கு வாசித்தும் காட்டினேன். ஆறாம் மாதம் கடிதம் வரவில்லை. ஏழாம் மாதமும் இல்லை. நாங்கள் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது மட்டும் நிற்கவில்லை. நானும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலை உன் உம்மா கிணற்றடியில் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையில் கிடந்த சில்லறையை வழித்துக் கல்லில் வைத்தாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள். நான் பல் தீட்டிய வாயோடு ஓடினேன். ரூபாய்க் குத்திகளுக்கு நடுவில் ஏறக்குறைய அதே அளவில் இன்னொரு குத்தி. ஒரு பக்கம் இரண்டு வாள் குறுக்கும் மறுக்குமாகக் கிடக்க நடுவில் ஏதோ ஒரு வடிவம். மறுபக்கம் அறபு எழுத்து. இங்கிலீசில் ஒரு சொல்லும் இல்லை.

"அறபு எழுத்துள்ள சல்லியப் போய் பீடிக்கட்டோட போட்டு வெச்சிரிக்கயள்," என்று உம்மா என்னை ஏசினாள். "நான் பாக்காம இருந்தா சவுக்காரத் தண்ணியோட கானுக்குள்ள போயிருக்கும்."

"நான் பாத்தா வாங்கிப் போட்டன்? மிச்சச் சல்லியோட வந்திரிக்கி," என்றேன் நான்.

அதற்குள் அவள் அதைக் கழுவி, முந்தானையால் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுவிட்டாள். இதை வாசிக்கும்போது நீ சிரிப்பாய். சிரி. ஆனால் எங்களுக்கு அறபு எழுத்து என்றால் ஓதுகிற எழுத்துத்தான். அந்த எழுத்தில் சந்தைக் கணக்கும் பஸ் பலகையும் சிகரெட் பெட்டியும் எழுதப்படுகிற ஊர்கள் உண்டு என்பதைத் தலையால் அறிவோம், கையால் அறிய மாட்டோம். கீழே அறபு எழுத்துள்ள ஒரு துண்டுத் தாள் கிடந்தால் எடுத்துச் சுவர் இடுக்கில் செருகி வைக்கிற ஆட்கள் நாங்கள். குத்தியைத் தூக்கி எறியவா போகிறோம்?

பக்கத்து வளவு ஹாஜியாரிடம் கொண்டுபோனோம். எங்கள் ஒழுங்கையில் அப்போது மக்காவுக்குப் போய் வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, குத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாள் இரிக்கில்ல? அப்ப மக்கத்துச் சல்லிதான். நான் கையால குடுத்து வாங்கின சல்லி தம்பி, எனக்குத் தெரியாதா?"

"நடுவுல இருக்கிறது என்ன காக்கா?"

"அது பேரீச்ச மரம்," என்றார். பிறகு இன்னொரு தரம் பார்த்தார். "தேஞ்சு போச்சு."

தேயவில்லை, மகன். புத்தம் புதுக் குத்தி அது. எனக்கே அது மரம் மாதிரித் தெரியவில்லை. ஆனால் ஹாஜியாரிடம் "இது மரம் இல்லையே" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. என் பிள்ளை இருப்பது மஸ்கட்டில், மக்கத்துச் சல்லியால் எனக்கு ஆகப்போவது என்ன என்றும் நினைத்தேன். உம்மாவுக்கோ அது போதுமாக இருந்தது. பச்சைப் பட்டுத் துண்டில் அதைச் சுற்றிக் குர்ஆன் உறைக்குள் வைத்தாள். உனக்குக் காய்ச்சல் வந்தபோது அதைத் தண்ணீரில் போட்டு, பிஸ்மி சொல்லி உனக்குக் குடிக்கத் தந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும். "இரும்பு ருசி அடிக்கிது" என்று நீ துப்பப் பார்த்தாய், அவள் உன் மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தாள். பிறகு ஒழுங்கையில் இரண்டு பேர் பிள்ளைப்பேற்றுக்கு அதைக் கேட்டு வாங்கிப்போய்த் திருப்பித் தந்தார்கள். ஐந்து கிழமை எங்கள் வீட்டில் அது அப்படி மரியாதையாக இருந்தது. 

ஒன்பதாம் மாதமும் கடிதம் இல்லை என்றானபோது, கொழும்புக்குப் போய் அவளை அனுப்பிய ஏஜென்டைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். காட்டுவதற்குக் கையில் இருந்தது விசாத் தாளின் படப் பிரதி ஒன்றுதான். அதை இந்தக் கடையில், இந்த மெஷின் லாச்சிக்குள்தான் வைத்திருந்தேன். எடுத்து விரித்தேன். தாளின் தலையில் அந்த நாட்டு முத்திரை இருந்தது. இரண்டு வாள், குறுக்கும் மறுக்குமாக. நடுவில் உறை போட்ட ஒரு வளைந்த கத்தி, வாரோடு சேர்ந்தாற்போல. பேரீச்ச மரமுமில்லை, ஒன்றுமில்லை. தாளை எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்தாமலே வீட்டுக்கு ஓடினேன்.

"அந்தச் சல்லிய எடு," என்றேன்.

"கை கால் கழுவி வுழுச் செஞ்சிட்டு வாங்க. குர்ஆனோட இரிக்கி."

"வுழுவும் மயிரும்! எடுகா கெதியா!" என்று கத்தினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அவள் எடுத்துத் தந்தாள். முத்திரைக்குப் பக்கத்தில் குத்தியை வைத்தேன். துணியில் வெட்டுப் படியை வைத்துப் பார்க்கிற கண் எனக்கு. ஒரு நூல் பிசகினாலும் தெரியும். வாளின் நுனி, கத்தியின் வளைவு, வாரின் முடிச்சு, எல்லாம் ஒன்று. அறபு எழுத்திலும் முதற் சொல்லும் அடுத்த சொல்லும் அதே வரிசையில் நின்றன. அது மக்கத்துச் சல்லி இல்லை. மஸ்கட்டிலிருந்து யாரோ இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். வந்து என் கையில் இதைத் தந்திருக்கிறார்கள்.

யார்? சட்டையில் குத்தி கிடந்த நாளை உம்மா சொன்னாள். உனக்குக் காய்ச்சல் தொடங்கியதற்கு முந்திய திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள் நான் வெளியே ஒன்றும் வாங்கவில்லை. கடையில் வந்த கூலிதான் பையில் இருந்தது. என் அளவுக் கொப்பி உனக்குத் தெரியும்தானே, வெட்டுகிற துணி என்றாலும் கால் மடிக்கிற களிசான் என்றாலும் ஆளின் பெயரையும் ஊரையும் எழுதாமல் டேப்பைப் பிடிக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இரண்டு பெயர்தான். ஒருவர் நற்பிட்டிமுனைக் கிழவர், மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை மஸ்கட் எந்தத் திசையில் என்று அறியாதவர். மற்றது: இஸ்மாயில், பாலமுனை, களிசான் இரண்டு அங்குலம் குறைக்க.

கொப்பியைப் பார்த்த உடனே அவன் முகம் வந்தது. முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த ஆள், கையில் புதிய மணிக்கூடு. பாலமுனையிலிருந்து கல்முனை வரை, வழியில் எத்தனை தையல் கடையைத் தாண்டி, இரண்டு அங்குலம் குறைக்க ஒருவன் வருவானா என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. முக்காலியில் இருந்து நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளையள் எத்தினை காக்கா?"

"மூணு. மூத்தவ, பொறகு ஒரு பொடியன், கடைசி பொட்ட."

"மூத்தவ இஞ்சதானா?"

மகன், இன்னொருவன் விசாரிக்க வந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். "மஸ்கட்ல. நல்ல இடம். அல்லாட காவல்ல சுகமா இரிக்கா. மாசம் தவறாம கடிதம் வருது."

அவன் முக்காலியை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டான். "போன மாசமும் வந்ததா?" என்று கேட்டான்.

"வராம? வெள்ளிக்கிழம கோழிச்சோறாம்," என்றேன் நான், சிரித்துக்கொண்டே.

"அப்ப சரி காக்கா. அல்ஹம்துலில்லாஹ்," என்றான். களிசானை வாங்கினான், கூலியைக் குத்திகளாகத் தந்தான், போனான். என் பொய் என்னையே சுட்டுக்கொண்டிருந்ததால் அவன் தந்ததைப் பார்க்காமலே பையில் போட்டேன்.

அடுத்த பஸ்ஸில் பாலமுனைக்குப் போனோம், நானும் உம்மாவும். உன்னையும் தங்கச்சியையும் ஹாஜியார் வீட்டில் விட்டோம். கடற்கரைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த இஸ்மாயில் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். கைக்குழந்தையோடு அவன் மனைவி வாசலுக்கு வந்தாள். இஸ்மாயில் இல்லை. லீவு முடிந்து நான்கு நாளைக்கு முன்னால்தான் திரும்பிப் போயிருந்தான். நான்கே நாள். நான் அங்கேயே மணலில் குந்திவிட்டேன்.

"நீங்க கல்முனை டெயிலர் காக்காவா?" என்றாள் அவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவர் உங்கட கடைக்கு ரெண்டு தரம் வந்தவர். ரெண்டாம் தரம் வெள்ளிக்கிழம, கட பூட்டிக் கிடந்ததாம்."

"எங்கட புள்ள?" என்று மட்டும் உம்மா கேட்டாள். 

"உசிரோட இரிக்கா ராத்தா. பயப்புடாதீங்க. இரிங்க, தண்ணி தாறன்."

தண்ணீரைத் தந்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். ஐந்தாம் மாதம் அடுப்பில் கொதித்த எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து உன் ராத்தாவின் வலது கை வெந்துபோயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் போட்ட வீட்டுக்காரர் பிறகு எட்டிப் பார்க்காததால் அவள் அங்கேயே கிடக்கிறாள். இஸ்மாயில் அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. வார்டுக்குள் ஒரு பிள்ளை நம்முடைய பேச்சில் "உம்மா, உம்மா" என்று முனகுவதைக் கேட்டுத்தான் கிட்டப் போயிருக்கிறான். அவளுக்குப் பதிலாகத் தான் ஒரு கடிதம் எழுதித் தருவதாகக் கேட்டிருக்கிறான். அவள் விடவில்லை.

"ஏன் விடல்ல?" என்றேன்.

இஸ்மாயிலின் மனைவி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நல்லது மட்டும் எழுது, கெட்டது எழுதினா உம்மா தாங்கமாட்டா எண்டு வாப்பாதான் பஸ் ஏத்தக்குள்ள சொன்னவராம். எழுத நல்லது ஒண்டும் இல்லாததால எழுதல்லயாம். இவர் ஊருக்கு வரக்குள்ள சொல்லி விட்டிருக்கா. வாப்பாட்ட கதை குடுத்துப் பாருங்க. கடிதம் வரல்ல எண்டு கவலப்பட்டாரெண்டா எல்லாத்தையும் சொல்லுங்க. கவலயில்லாம இருந்தாரெண்டா ஒண்டும் சொல்லாதீங்க, அப்பிடியே இருக்கட்டும் எண்டு." பிறகு கேட்டாள்: "நீங்க மாசம் தவறாம கடிதம் வருதெண்டு சொன்னயளாம். அவர் வந்து ராவு பகலா அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார். அது ஆர்ர கடிதம் காக்கா?"

உன் உம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுத மாட்டேன். பஸ் தரிப்பில் நான் அவள் காதில் படாமல் மகளுக்குச் சொன்ன புத்தியும், கடையிலிருந்து ஊருக்கு அளந்த பொய்யும் இரண்டும் சேர்ந்து அன்றைக்கு அந்த வாசலில் அவளுக்குத் தெரிந்தன. உம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குத்தியை எடுத்துக் காட்டி, "இத வேணுமெண்டா தந்தவர்?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. "அவர்ர பைக்குள்ள எல்லாச் சல்லியும் கலந்துதான் ராத்தா கிடக்கும்," என்றாள். வேண்டுமென்று தந்தானா, கை தவறி வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. வாயால் சொல்லாதே என்று தடுக்கப்பட்டவன் கையால் சொல்லிப் பார்த்திருக்கலாம். நான்தான் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நிந்தவூர் தாண்டும் வரை உம்மா குத்தியை முந்தானையில் முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் தாங்கமாட்டன் எண்டு ஆரு சொன்ன உங்களுக்கு? அஞ்சு பெத்து ரெண்டு அடக்கினவ நான். தாங்காதது நீங்கதான்." அவள் சொன்னது சரி. கெட்ட செய்தியைக் கேட்கப் பயந்தவன் நான். என் பயத்தை உம்மாவின் தலையில் போட்டு, பிள்ளையின் வாயைக் கட்டி அனுப்பிவிட்டேன். கை வெந்து கிடந்தபோதும் அந்தப் பிள்ளை எனக்குக் கீழ்ப்படிந்தாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதினோம். எழுதியது நான், சொல்லச் சொல்ல எழுதவைத்தது உம்மா. முதல் வரி இதுதான்: "மகள், எங்களுக்கு எல்லாம் தெரியும், நாங்கள் ஒரு நாளும் சுகமாக இருக்கவில்லை." நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. இடது கையால் எழுதியது. பென்சிலால், ஒவ்வோர் எழுத்தும் பெருவிரல் அளவில், மூன்று பக்கம். வலி, அழுகை, பயம், அந்த வீட்டுக்காரரின் ஏச்சு, எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். நான் அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை, யாருக்கும் வாசித்துக் காட்டவுமில்லை. ஆனால் அதுவரை வந்த கடிதங்கள் எல்லாவற்றையும்விட அதைப் படித்த அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நோன்புக்கு முன்னால் அவள் வந்துவிட்டாள். உம்மா பச்சைத் துணியை அவிழ்த்து அந்தக் குத்தியைக் காட்டியபோது, "இது அம்பது பைசா உம்மா, இதுக்கு ஒரு சோடாவும் தரமாட்டானுகள்," என்று அவள் சிரித்ததும், உம்மா கோபித்துக்கொண்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்பதும் உனக்குத் தெரியும். கையை முக்காட்டுக்குள் மறைத்துத்தான் வந்து இறங்கினாள்; அடுத்த நாள் நம்முடைய குசினியில் தேங்காயெண்ணெய் சுட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். ஊருக்கும் அதைத்தான் சொன்னோம், மாப்பிள்ளை வீட்டுக்கும் அதைத்தான் சொன்னோம். மச்சானுக்கு உண்மை பிறகு தெரியும், அவர் நல்ல மனுசன். உனக்கு மட்டும் இன்று வரை சொல்லவில்லை. பொய்யிலிருந்து கரையேறிவிட்டேன் என்று நினைத்த பிறகும் நான் சொன்ன பொய் இது. இதற்காக என்னை மன்னித்துக்கொள்.

இப்போது நீ போகிறாய். தங்கச்சிக்கு வீடு கட்டப் போகிறாய். அவளுடைய வளவிலும் சுவர்தான் நிற்கிறது. ராத்தாவை எந்தப் பாதையில் அனுப்பினேனோ அதே பாதையில் உன்னையும் அனுப்புகிறேன். போகாதே என்று சொல்ல எனக்கு வக்கில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கை முறிந்தால் கை முறிந்தது என்று எழுது. வேலை போனால் வேலை போனது என்று எழுது. அங்கே ஒருவன் உன்னை அடித்தாலும், நீயே ஏதும் பிழை செய்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாலும், எழுது. உனக்குக் கை ஏலாவிட்டால் யாரையாவது கொண்டு எழுதுவி. அவர்களுடைய எழுத்தைப் பார்த்து நாங்கள் பயப்படுவோம்தான். பயந்துவிட்டுப் போகிறோம். நாலு மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்து பார்த்தவனுக்கு அந்தப் பயம் பெரிதில்லை. உன்னைத் தேடி ஊரிலிருந்து யாரும் வந்து சுகமா என்று கேட்டால், அவன் ஏன் கேட்கிறான் என்று ஒரு தரம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லு. இவ்வளவையும் உனக்குப் புத்தியாகச் சொல்லிவிட்டு, என்னுடைய பங்கைச் சொல்லாமல் விட்டால் நான் பழைய ஆளாகத்தான் இருப்பேன்.

இந்தக் கடிதத்தில் வரிகள் ஏறியும் இறங்கியும் போவதைப் பார்த்திருப்பாய். என் இடது கண் போன மாரியிலிருந்து தெரியவில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் காட்டினேன், ஒரு வியாபார விஷயம் என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் போய் வந்தேனே, அது இதற்குத்தான். கண்ணுக்குள் அழுத்தமாம், போனது போனதுதானாம். வலது கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் நிற்கும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. ஊசியில் நூல் கோர்த்து ஐந்து மாதமாகிறது. துணியை நான் வெட்டுகிறேன், தைப்பது ராத்தா. அவளுடைய வீட்டில், அந்தக் கையால். நீ ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு போகவிருக்கும் சட்டையும் அவள் தைத்ததுதான். நான் கடையில் வந்து உட்கார்ந்திருப்பது ஊருக்காக. "புள்ள போய்ச் சேரட்டும், பொறகு மெல்லமாச் சொல்லுவம், இப்ப கேட்டா போகமாட்டான்" என்று இந்த முறை உம்மாவே சொன்னாள். பிள்ளை போகிற பயத்தில் அவளும் என்னைப்போல ஆகிவிட்டாள். நானும் நேற்று வரை ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்து, துபாயில் போய் நீ திறக்கும்போது கிடைக்கச் செய்யலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம். நீ பெட்டியோடு வந்ததும் கையில் தந்துவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசி, ராத்தாவிடமும் கேள். வாசித்த பிறகு போவதா நிற்பதா என்று நீயே முடிவெடு. எதைச் செய்தாலும் உன்னோடு நான் கோபிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நான் கடையில்தான் இருப்பேன். வந்து இந்த முக்காலியில் இரு. எனக்கு என்னவாகிறது என்று கேள். இந்த முறை நான் தலையை நிமிர்த்தி உண்மையைச் சொல்லுவேன்.

உன் வாப்பா